ஏரி முழுக்க ஒரே முகம்

பெண் பார்க்க வருகிற நாளில் முகத்தை எப்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்பதற்கு எங்கள் வீட்டில் ஒரு சட்டம் உண்டு. பிடித்திருக்கிறது என்றும் தெரியக் கூடாது, பிடிக்கவில்லை என்றும் தெரியக் கூடாது. பஸ்ஸுக்குக் காத்திருப்பவள் மாதிரி உட்கார்ந்திருக்க வேண்டும். ஆசை தெரிந்துவிட்டால் அலைகிறோம் என்று நினைத்து எழுந்து போய்விடுவார்கள் என்பது அம்மாவின் பயம். நான் என் முகத்தைச் சரியாகத்தான் வைத்திருந்தேன். (குட்டு உடைந்தது மாப்பிள்ளையின் முகத்தால்.)

சென்னையில் இருக்கும் ஒரு வீடியோ கேம் கம்பெனிக்கு, திருப்புலிவனத்தில் எங்கள் வீட்டில் இருந்தபடியே வேலை செய்துகொண்டிருந்தேன். கேமில் மரம், தண்ணீர், வெயில் எல்லாவற்றையும் திரையில் வரைந்து காட்டுவது கிராபிக்ஸ் என்ஜின் என்கிற மென்பொருள். அதற்குத் தீனி போடுவது என் வேலை. ஓய்வு நேரத்தில் எங்கள் ஊரையே அதற்குள் கட்டிக்கொண்டிருந்தேன். கோயில், டீக்கடை, ஏரிக்கரைப் பனைமரங்கள், எருமைகள். தூரத்தில் இருப்பதையெல்லாம் வரையச் சொன்னால் மிஷின் திணறும் என்பதால் ஏரிமேல் பனியைப் போட்டு மூடியிருந்தேன். சோம்பேறித்தனத்துக்குப் போட்ட பனிதான். ஆனாலும் மார்கழி விடியலில் நிஜ ஏரிகூட அவ்வளவு அழகாக இருந்ததில்லை. அதற்குள் நடந்துகொண்டே மணிக்கணக்கில் கனவு காண்பேன்.

கனவில் வந்தவர் குமரன். பக்கத்துத் தாமல் ஊர்க்காரர், நெல் அறுக்கும் மிஷின் வைத்து வாடகைக்கு ஓட்டுகிறவர். தரகர் அம்மாவின் போனுக்கு அனுப்பிய போட்டோவில் வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். போட்டோக்காரர் சிரிக்கச் சொல்லி, என்ன சொன்னார் என்று யோசித்து, பிறகு வந்த சிரிப்பு அது. அந்தத் தாமதமான சிரிப்பில் நான் விழுந்தேன். அம்மா “இன்னாடி சொல்ற?” என்றதற்கு “உங்க இஷ்டம்” என்று அலட்சியமாகச் சொல்லிவிட்டு, ரூமுக்குள் ஓடி அந்தப் போட்டோவைக் கம்ப்யூட்டரில் ஏற்றினேன்.

இங்கேதான் என் அதிபுத்திசாலித்தனம். என்ஜினில் ஒவ்வொரு பொருளின் மேலும் ஒரு படம் ஒட்ட வேண்டும். எருமைக்குத் தோல், சுவருக்குச் சுண்ணாம்பு. மெமரியில் இடம் தீர்ந்து ஏதாவது படம் ஏறவில்லை என்றால், அந்த இடத்தில் ஒட்ட ஒரு மாற்றுப் படம் இருக்கும். வழக்கமாகக் கண்ணைக் குத்துகிற ரோஸ் கலர் கட்டம். அதைத் தூக்கிவிட்டுக் குமரனை வைத்தேன். என் கம்ப்யூட்டரில் மெமரி ஏராளம், மாற்றுப் படம் வெளியே தலைகாட்டவே காட்டாது. என் ஊருக்கு அடியில் யாருக்கும் தெரியாமல் அவர் இருக்கிறார் என்கிற நினைப்பே கிறக்கமாக இருந்தது. (உள்ளங்கையில் பெயர் எழுதிக்கொள்வதைவிடப் பத்திரம் என்று வேறு நினைத்தேன்.)

ஞாயிற்றுக்கிழமை அவரும் அவருடைய அப்பா அம்மாவும் வந்தார்கள். கேசரி, பஜ்ஜி, காபி என்று எல்லாம் சட்டப்படி நடந்தது. பெண்ணுக்கு என்ன வேலை என்று குமரனின் அம்மா கேட்டதுதான் தாமதம், எங்கே பெருமை அடிக்கலாம் என்று காத்திருந்த என் மாமா, டிவிக்குக் கீழே இருந்த, கேம் ஆடுகிற பழைய கன்சோல் பெட்டியை ஆன் செய்துவிட்டார். ஆபீஸில் சோதனைக்குக் கொடுத்திருந்தது அது. முந்தின நாள்தான் அதில் ஊரை ஏற்றியிருந்தேன், ஓட்டிப் பார்க்கவில்லை. அதன் மெமரி என் கம்ப்யூட்டரின் ஒரு மூலைக்குக் காணாது. அதெல்லாம் எனக்கு உறைக்கவே இல்லை. குமரன் டம்ளரைப் பிடித்திருக்கிற அழகைப் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டிருந்தேன்.

கன்ட்ரோலர் குமரனின் அப்பா கையில். கோயில் வந்தது, டீக்கடை வந்தது. அச்சு அசலாக இருக்கிறது என்று மெச்சிக்கொண்டே ஏரிப் பக்கம் நடந்தார். பனிக்குள்ளிருந்து மெதுவாக ஓர் எருமை வெளியே வந்தது. அதன் வயிறு முழுக்க வெள்ளைச் சட்டை. முதுகுவரை இழுபட்ட ஒரு தாமதமான சிரிப்பு.

“இன்னாபா இது, எருமை நம்ம குமரனாட்டம் கீது” என்றார்.

அவர் பதறிப்போய்க் கன்ட்ரோலரின் குச்சியைத் திருப்ப, பனைமரம் வந்தது. ஓலைக்கு ஒரு குமரன். கரையெல்லாம் குமரன். குச்சியை மேலே தள்ளினார், வானம் வந்தது. மேகம் இருக்க வேண்டிய இடத்தில் வரிசை வரிசையாகக் குமரன்கள், அத்தனை பேரும் ஏரித் தண்ணீரில் தலைகீழாகச் சிரித்துக்கொண்டு மிதந்தார்கள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அந்த நிலையிலும் தண்ணீர் நன்றாக வந்திருக்கிறதே என்று ஒரு நினைப்பு ஓடியது. மாமா, அது ஒரு டிசைன் என்று சமாளித்துப் பார்த்தார். கதை முடிந்தது, இப்போது எழுந்துவிடுவார்கள் என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

குமரனின் அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு டிவியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். “ஏம்மா, எம்புள்ள போட்டோவ எதுக்கு உள்ள வச்சிகினு கீற?”

கம்பெனி தவறு என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். எனக்கோ அந்த நேரத்தில் தொழில் விளக்கம்தான் வாயில் வந்தது.

“வேற எதுவும் இல்லாம போயிட்டா, அவராவது இருக்கட்டும்னு வச்சேன்.”

சொன்ன பிறகுதான் சொன்னது என் காதில் விழுந்தது. குமரன் டம்ளரைக் கீழே வைத்தார். கொஞ்சம் யோசித்தார். பிறகு, போட்டோவில் இருந்த அதே தாமதத்தோடு சிரித்தார். எனக்கு உயிர் வந்தது.

கல்யாணமாகி வருஷங்கள் ஓடிவிட்டன. உத்திரமேரூர் ரோட்டில் எருமைக் கூட்டம் குறுக்கே வந்தால் மாமனார் இன்றைக்கும் வண்டியை நிறுத்திவிட்டு, இதில் உன் வூட்டுக்காரர் எவர் என்று என்னைத்தான் கேட்பார். இப்போது வருகிற கன்சோல்களில் மெமரி தாராளம், மாற்றுப் படத்துக்கு வேலையே இல்லை. ஆனாலும் புதிது ஒன்று வீட்டுக்கு வரும்போதெல்லாம் குமரன் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, “இதுலயாவது மெமரி பத்துமா?” என்பார்.

பத்தாது என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.