புழுவுக்கு முதல் பந்தி

மனித குலத்தின் மகத்தான சாதனைகள் இரண்டு. ஒன்று நெருப்பு. மற்றொன்று எங்கள் நிறுவனத்தின் பூச்சிமருந்து. நெருப்பைக் கண்டுபிடித்த புண்ணியவான் யாரென்று தெரியவில்லை. பூச்சிமருந்தை விற்கிற புண்ணியவான் எங்கள் மேலாளர். அவருக்குக் கீழே ஒன்பது ஆண்டுகளாக உதவியாளனாக இருக்கும் பேறு எனக்கு வாய்த்திருக்கிறது.

"ஓட்டை விழுந்த காய் நாட்டுக்கே அவமானம்" என்பது அவர் திருவாக்கு. அதைச் சட்டம் போட்டு அலுவலக வாசலில் மாட்டியிருக்கிறோம்.

புது மருந்தின் அறிமுக விழாவுக்கு முதல் நாள் காலை, அழைப்பிதழுக்கு 'ஒப்புதல்' வாங்க அவர் வீட்டுக்குப் போனேன். கையில் மாதிரி பாட்டில் ஒன்றும் இருந்தது. மேலாளர் மொட்டைமாடியில் இருந்தார். சுற்றிலும் தொட்டிகளில் கத்தரி, வெண்டை, கீரை. ஓர் இலைகூட முழுசாக இல்லை. எல்லாம் சல்லடை.

அவர் மனைவி ஒரு தட்டில் வதக்கிய கத்தரிக்காயை நீட்டினார்.

"சாப்பிடுங்க தம்பி. புழு தின்ன பக்கத்தை வெட்டி எடுத்துட்டேன்."

"புழுவா? இங்கேயா மேடம்?"

"மெதுவா பேசுய்யா," என்ற மேலாளர், ஓர் இலையைத் திருப்பிக் காட்டினார். கொழுகொழுவென்று ஒரு பச்சைப் புழு. "அவர் இப்பதான் சாப்பிட உட்கார்ந்திருக்கார்."

பந்திக்கு முந்து என்று பெரியவர்கள் சொன்னதை அந்த வீட்டில் கடைப்பிடித்தவர் 'அவர்'தான். அவர் கடித்துவிட்டு, மறுநாளும் உயிரோடு நெளிந்தால்தான் காய் அடுப்பேறும்.

"என் சொத்தே இந்தச் சொத்தைதான்யா," என்று மேலாளர் நெகிழ்ந்தார்.

நான் விசுவாசமுள்ள ஊழியன். மேலாளர் கை கழுவப் போன நேரத்தில், நாட்டுக்கு நேர்ந்த அவமானத்தைத் துடைக்க முடிவு செய்தேன். பாட்டிலைத் திறந்து ஒரே ஒரு அடி. புழு பொத்தென்று விழுந்தது. அருமையான மருந்து.

திரும்பி வந்த மேலாளர் மூக்கை உறிஞ்சினார். முகம் வெளுத்தது.

"என்னத்தைய்யா அடிச்ச?"

"நம்ம மருந்துதான் சார்."

"நம்ம மருந்தா? அடப்பாவி, பிள்ளைங்க இருக்கிற வீடுய்யா இது."

மனைவி ஜன்னல்களைப் படபடவென்று சாத்தினார். பிள்ளைகள் மாமா வீட்டுக்கு அனுப்பப்பட்டனர். மேலாளர் கையுறை மாட்டிக்கொண்டு செடி, மண், தொட்டி, என் சட்டை நான்கையும் ஒரே மூட்டையாகக் கட்டி, கொல்லைப்புறத்தில் இடுப்பளவு குழி தோண்டிப் புதைத்தார். வேலை போயிற்று என்று முடிவு கட்டி, அவருடைய பழைய பனியனோடு வீடு திரும்பினேன்.

மறுநாள் விழா. அரங்கு நிறையக் காய்கறி பயிரிடுகிறவர்கள். மேலாளர் மைக்கைப் பிடித்தார்.

"இந்த மருந்தை நேத்து என் சொந்தத் தோட்டத்திலேயே அடிச்சுப் பார்த்தோம். ஒரே அடி, புழு காலி. அடிச்சது நம்ம தம்பிதான்." எனக்குப் பதவி உயர்வையும் அந்த மேடையிலேயே அறிவித்தார்.

மூன்றாம் வரிசையில் தக்காளி போடுகிற அம்மா ஒருவர் எழுந்தார்.

"சார், மருந்து அடிச்ச அந்தக் காய் ருசி எப்படி இருந்துச்சு?"

மேலாளர் கலங்கவில்லை.

"ருசியைப் பத்தி நாங்க சொன்னா விளம்பரம் ஆயிடும்மா," என்றார் பணிவாக. "அதைச் சாப்பிடப் போற நீங்கதான் சொல்லணும்."

இப்படியொரு தன்னடக்கத்தை நான் கண்டதில்லை. அரங்கமே கைதட்டியது. தொடங்கி வைத்தவன் நான்தான்.