வாங்கொலியைப் பிடித்துக் கரை சேர்ந்தவர்

கண்ணால் கடலோடியவர் உண்டு. விண்மீன் பார்த்து ஓடியவரும் உண்டு. காதால் கடலோடியவர், நான் அறிந்தவரை, கல்முனைக் கப்பல் காக்கா ஒருவரே.

எங்கள் பேச்சில் காக்கா என்றால் அண்ணன். திரைச்சீலைக் கடைக்காரரான அவர், அறுகம்பைக்கு வந்த வெள்ளைக்காரர் ஒருவரிடமிருந்து சிறு பாய்ப்படகொன்றை வாங்கினார்.

"காக்கா, போட்டைப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும்?" என்றேன்.

"ஒண்டும் தெரியா தம்பி. பாயைத் தொட்டுப் பாத்தன். நல்ல சீலை."

கடல் வரைபடத்தைக் கடை மேசையில் விரித்துப் பாடம் தொடங்கினார். திரைச்சீலை வாங்க வந்த பெண்ணொருத்தி அதைத் தடவி, "இந்த நீலம் கெஜம் என்ன விலை?" என்றாள்.

"இது விக்கிறதுக்கில்ல புள்ள. இது கடல்."

கரையில் தெரியும் உயர்ந்த அடையாளங்களைக் கொண்டு இடமறிய வேண்டும் என்றது அவர் வாங்கிய கடலோட்ட நூல். காக்கா பள்ளிவாசல் மினாராக்களைத் தேர்ந்தார். கடலிலிருந்து நோக்கினால் அவை யாவும் ஒருதாய்ப் பிள்ளைகள். ஆகவே, ஊர்தோறும் வாங்கு சொல்லித் தொழுகைக்கு அழைக்கும் மோதினார்களின் குரல்களை மனனம் செய்தார். ஒருவர் மூக்கால் இழுப்பார். ஒருவர் இடையிடையே கனைப்பார். எங்கள் ஊர் மோதினாரின் குரலோ உச்சத்தில் சற்றே நடுங்கும்.

"போன்ல வழி பாக்கலாமே, காக்கா?"

"போன் நனைஞ்சா செத்துப் போகும், மௌத்து. வாங்குக்கு ஏது மௌத்து?"

காக்காவின் மனைவியான மதினிக்கு இந்தக் கல்வியில் நம்பிக்கையில்லை. "என்னை ஏத்திக்கொண்டு போய் நம்மட கரையில சரியா இறக்கினா போட் இரிக்கட்டும். இல்லாட்டி நாளைக்கே வித்துப் போடணும்" என்று தீர்ப்பளித்தார். சாட்சியாக நானும் ஏறினேன்.

பிற்பகலில் மூட்டம் கவிந்து கரை மங்கிற்று. காக்கா கலங்கவில்லை. அசர் எனும் மாலைத் தொழுகைக்கான வாங்கு எழுந்தது. உச்சத்தில் குரல் நடுங்கியது.

"கேட்டீங்களா? நம்மட மோதினார்!" என்று சுக்கானைத் திருப்பினார்.

இறங்கிய இடமோ கல்முனை அல்ல, நிந்தவூர்.

மணமகன் பெண்வீட்டில் குடியேறுவது எங்கள் வழக்கம். காக்கா கல்முனைக்கு மாப்பிள்ளையாக வந்தவர். பிறந்த ஊர் நிந்தவூர்.

"ஓஹோ! உங்கட உம்மா ஊட்ட வரவா இந்தக் கூத்து?" என்றார் மதினி.

"வல்லாஹி இல்ல புள்ள! நம்மட மோதினார்ர சத்தம்தான்!"

"நம்மட மோதினாருக்கு நிந்தவூர்ல என்ன வேலை? நாளைக்கே வித்துப் போடுங்க!"

காக்கா பாயைக் கழற்றி, கடையில் சீலை மடிப்பதைப் போலவே, ஓரம் பிசகாமல் மடிக்கத் தொடங்கினார். அவர் அவ்வளவு மெதுவாக மடித்து நான் கண்டதில்லை.

அப்போது கடற்கரைப் பள்ளிவாசலில் தொழுகை முடிந்து வெளிவந்தவர்களுள் ஒருவர் கையசைத்தார். எங்கள் மோதினார்!

"என்ன காக்கா, நீங்களும் கலியாணத்துக்கா? நான் காலையிலேயே வந்திட்டன். இஞ்ச வாங்கும் என்னைத்தான் சொல்லச் சொன்னாங்க."

மதினி மோதினாரைப் பார்த்தார், கணவரைப் பார்த்தார், மடித்த சீலையைப் பார்த்தார்.

"மனிசன்ட காது பிழைக்கல்ல. விரிங்க பாயை, இருட்ட முன்னம் ஊட்ட போவம்."

இப்போது கடலுக்குப் போகும்முன் காக்கா மோதினாரைத் தேடிச் சென்று, "இண்டைக்கு ஊர்லதானே?" என்று கேட்டுக்கொள்கிறார். ஊரார் சிரிக்கிறார்கள், நானும் சிரிக்கிறேன். ஆயினும் அசர் வாங்கு ஓய்ந்த பின், அந்த வெள்ளைப் பாய் கண்ணில் படும்வரை நான் தேநீரை ஆறவிட்டுக் கடலையே பார்த்திருக்கிறேன்.