இடுப்பைக் காப்பாற்றிய மூன்று தட்டுச் செடிகள்

அன்பு மைத்துனருக்கு,

உன் அத்தான் எழுதிக்கொள்வது. நானும் உன் அக்காவும் நலம். அங்கே நீயும், உன் மனைவி மக்களும், உன் நர்சரியில் உள்ள அத்தனை தொட்டிகளும் நலமாக இருக்க வேண்டும். என் இடுப்பையும் நலம் என்று சேர்த்து எழுத முடிகிறதென்றால் அதற்கு நீதான் காரணம். அந்த நன்றியைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

இருபத்தாறு வருடம் வீட்டு வாசல் புல்தரையில் புல்வெட்டும் மெஷினைத் தள்ளித் தேய்ந்த இடுப்பு இது. டாக்டர் எக்ஸ்ரேயைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இனிமே அந்த மெஷினைத் தொட்டீங்கன்னா நேரா ஆபரேஷன்தான்" என்றார். வீடு வந்து சேர்வதற்குள் உன் அக்கா தீர்ப்புச் சொல்லிவிட்டாள். "ஒண்ணு அந்தப் புல்லு போகணும், இல்ல நாம போகணும். நாலாவது மாடியில ஒரு ஃப்ளாட் பாத்து வெச்சிருக்கேன்." காலையில் எழுந்து மண்ணில் கால் வைக்காவிட்டால் எனக்குப் பொழுதே விடியாது, நாலாவது மாடியில் நான் என்ன செய்வேன்? அந்த நேரத்தில் தெய்வம் மாதிரி நீ மூன்று தட்டு நிறைய அந்தக் கொழுத்த இலைப் படர்செடிகளை அனுப்பினாய். வெட்ட வேண்டாம், விரல் உயரம்தான் வளரும், பத்து நாளைக்கு ஒருமுறை தண்ணீர் போதும் என்று சீட்டும் வைத்திருந்தாய். ஆள் வைத்துப் புல்லைக் கொத்தியெடுத்து நட்டோம். உன் அக்கா மூன்று மாதம் கெடு வைத்தாள். பச்சை பிடித்தால் வீடு, இல்லாவிட்டால் ஃப்ளாட்.

பத்து நாளைக்கு ஒருமுறை என்றதை நான் நம்பவில்லை, மன்னித்துக்கொள். வாயில்லா ஜீவன், கொளுத்துகிற வெயில், மனசு கேட்காமல் மூன்று வேளையும் ஊற்றினேன். மூன்றாவது வாரம் இலையெல்லாம் கண்ணாடி மாதிரி ஆகி, தொட்டால் கூழாக, நான் பதறிப்போய் இன்னும் கொஞ்சம் ஊற்ற, குறுக்கே நடந்த தபால்காரர் அதில் வழுக்கி விழ, நான் அவரைத் தூக்காமல் செடியைத் தூக்கினேன் என்று அவர் இன்றுவரை என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. மறுநாளே ரப்பர் குழாய் மூன்று இடத்தில் பிளந்துவிட்டது. வாளியில் சுமக்க இடுப்பு விடவில்லை. உன் அக்காவோ ஃப்ளாட்டின் வரைபடத்தைச் சாப்பாட்டு மேஜையில் விரித்து வைத்துவிட்டாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

தண்ணீர்தான் கொடுக்க முடியவில்லை, நாலு வார்த்தையாவது பேசுவோம் என்று தினமும் காலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து செடிகளுக்குச் செய்தித்தாள் வாசித்தேன். விபத்துச் செய்திகளை விட்டுவிட்டேன். நம்ப மாட்டாய், நாலே நாளில் ஒரு மூலை பச்சையாகிவிட்டது! அடுத்த நாள் இன்னொரு மூலை. விளையாட்டுப் பக்கம் வாசித்தேன், மறுநாள் பார்த்தால் பாய் விரித்த அளவுக்குப் பச்சை. இப்போது வாசற்படியிலிருந்து கேட் வரை மெத்தை போலக் கிடக்கிறது, மஞ்சள் பூ வேறு. "சரி, இங்கயே இருந்துடுவோம்" என்று சொல்லி உன் அக்கா அந்த வரைபடத்தைச் சுருட்டி வைத்துவிட்டாள். நீ செய்த இந்த உதவியை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். நாளைக்கு முதல் வேலையாகப் புதுக் குழாய் வாங்கப் போகிறேன், பாவம், எத்தனை நாள்தான் அவை தாகத்தோடு இருக்கும்.

நீ தொட்டதெல்லாம் துளிர்க்கட்டும். பிள்ளைகளுக்கு என் ஆசிகள்.

இப்படிக்கு,
நிமிர்ந்து உட்கார்ந்து எழுதும்
உன் அத்தான்

பி.கு: தம்பி, இது அக்கா. தபாலில் போடச் சொல்லிக் கொடுத்தார், பிரித்துப் படித்துவிட்டேன். நீ அனுப்பியதில் ஒன்றுகூடப் பிழைக்கவில்லை. குழாயை வெட்டியது நான்தான். பக்கத்து வீட்டுக் கணக்கு டீச்சரின் தோட்டத்தில் இதே செடி மண்டிக் கிடக்கிறது. இவர் மதியம் குறட்டை விடும் நேரத்தில் டீச்சர் பெயர்த்துப் பெயர்த்துக் கொடுக்க, நான் அழுகினதைப் பிடுங்கிவிட்டு நட்டேன். இப்போது எனக்கு முழங்கால் வலி. கெடு வைத்தவளும் நான்தான், ஆனால் காலையில் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போகும்போது இவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே, அதை நாலாவது மாடியில் கொண்டுபோய் அடைக்க எனக்கு மனசு வரவில்லை. இவரிடம் மூச்சு விடாதே. புதுக் குழாய் வரப்போகிறது, உடனே இன்னும் ஆறு தட்டு அனுப்பு. டீச்சர் வீட்டு முகவரிக்கு.