குப்பை வண்டியை நிறுத்தும் ஊசி

கசா மேடத்திடம் திட்டு வாங்காதவர் காக்ஸ் டவுன் பக்கம் ஒருவர்கூடக் கிடையாது. அப்படி யாராவது இருந்தால், அவர் இன்னும் குப்பை போடத் தொடங்காத கைக்குழந்தையாக இருக்க வேண்டும். கசா என்றால் கன்னடத்தில் குப்பை. எங்கள் குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர் என்பது அவருடைய பதவி. ஈரக் குப்பையில் பிளாஸ்டிக்கைப் போடுகிறவனின் மானத்தை வாங்குவது அவருடைய தொழில்.

காலையில் குப்பை வண்டி பாட்டுப் போட்டபடி தெருமுனையில் திரும்பும்போதே கீழே வந்து நின்று, ஒவ்வொரு வாளியையும் குச்சியால் கிளறுவார். ஒருநாள் என் வாளியிலிருந்து ஒரு பால் கவர் குச்சி நுனியில் எழுந்து வந்தது.

"டெபுடி செக்ரட்டரியா ரிடையர் ஆனீங்க. ஒரு பால் கவரைக் கழுவிப் போடத் தெரியலையா சார்?"

"கழுவினேனே மேடம்."

"கழுவினீங்களா, தண்ணியைக் காட்டினீங்களா?"

என் பணிக்காலத்தில் எந்த மந்திரியும் என்னை இப்படிக் குறுக்கு விசாரணை செய்ததில்லை. வண்டி வராத நாளில் மேடம் வாளியோடு ஆட்டோவில் ஏறி வார்டு அலுவலகத்துக்கே போய்விடுவார். ஆட்டோக்காரர்கள் அவரைக் கண்டால் வேறு தெருவில் திரும்பினார்கள்.

இப்படிப்பட்டவர் முதுகுவலி என்று டாக்டரிடம் போனார். ரத்தப் புற்றுநோய், எலும்பு மஜ்ஜையில் வளரும் வகை என்று சொல்லிவிட்டார்கள். கார் வைத்திருந்த குற்றத்துக்காக நானும், மேடத்தின் தம்பி என்ற முறையில் ஆல்பர்ட்டும் டாக்டரம்மாவின் அறையில் உட்கார்ந்திருந்தோம்.

"அந்த கேன்சர் செல் ஓயாம புரதம் தயாரிக்குது. கெட்டுப்போன புரதமெல்லாம் குப்பையாச் சேர்ந்து, செல் எப்பவும் ஸ்ட்ரெஸ்லயே இருக்கு. குப்பையை அள்ளி அள்ளித்தான் பிழைச்சிட்டிருக்கு. இந்த ஊசி அள்ளறதை நிறுத்திடும். ஸ்ட்ரெஸ் தாங்காம தன் குப்பையிலேயே மூழ்கிச் செத்துடும்."

மேடம் எழுந்தே நின்றுவிட்டார். "வண்டி வரணும்னு ஆயுசு பூரா கத்தினவ நான். எனக்குள்ளயே வண்டியை நிறுத்தப் போறீங்களா?"

"மத்த செல்லுல அவ்வளவு குப்பை சேராதும்மா. அதுங்க ஓரளவு தாங்கிக்கும்."

"அப்போ நிறுத்துங்க. நாறிச் சாகட்டும்."

ஆல்பர்ட்டின் காதில் விழுந்தது ஒரே சொல்தான்: ஸ்ட்ரெஸ்.

இந்த ஊரில் அந்தச் சொல் கெடுத்த அளவு மனித மூளையை வேறெதுவும் கெடுத்ததில்லை. மேடத்தைப் பார்க்க வந்தவர்களெல்லாம், "கத்திக் கத்தித்தான் மேடம் இது வந்திருக்கு. ஸ்ட்ரெஸ் எடுத்துக்காதீங்க" என்றார்கள். நோயாளியைப் பார்க்க வந்து, ஆரஞ்சுப் பழத்தோடு குற்றப்பத்திரிகையும் கொடுத்துவிட்டுப் போகும் ஜனங்கள்! சங்கம் இன்னும் ஒரு படி மேலே போய், ஓய்வு தருவதாகச் சொல்லிப் பதவியைப் பிடுங்கியது. நோட்டீஸ் இல்லை, கோரம் சேர ஆள் இல்லை, நிகழ்ச்சி நிரலில் பொருளே இல்லை. படிக்கட்டில் நான்கு பேர் தலையாட்டியதற்குத் தீர்மானம் என்று பெயர். என் ஆட்சேபத்தை எழுதிக் கொடுத்தேன். அதையும் ஈரக் குப்பையில்தான் போட்டிருப்பார்கள்.

வாராவாரம் ஊசி ஏறிக்கொண்டிருந்தபோதே, அடுத்து ஆல்பர்ட் கனகபுரா ரோட்டில் ஒரு மௌன முகாமைப் பிடித்தான். ஒரு மாதம் கஞ்சி, மூச்சுப் பயிற்சி. அதுவரை ஊசி கிடையாது.

"ஸ்ட்ரெஸ்ஸுக்குத்தானே சார் ஊசி? ஸ்ட்ரெஸ்ஸே இல்லாமப் பண்ணிட்டா ஊசி எதுக்கு?"

"யோவ், அது ஸ்ட்ரெஸ்ஸைக் குறைக்கற ஊசி இல்லய்யா. கேன்சர் செல்லுக்கு ஸ்ட்ரெஸ் ஏத்தற ஊசி!"

"கேன்சர் வந்தவளுக்கு இன்னும் ஸ்ட்ரெஸ் ஏத்துவாங்களா? நல்லா இருக்கு சார் உங்க நியாயம்."

அவனை அடிக்கச் சட்டத்தில் இடமில்லை. டாக்டரம்மா தொலைபேசியில் கத்திப் பார்த்தார்: நடுவில் நிறுத்தினால் அடங்கிவரும் நோய் மறுபடி கிளம்பும். அதைவிட மோசம், மேடமே தளர்ந்துபோயிருந்தார். ஊசியால் பாதங்கள் மரத்துவிட்டன. "ஒரு மாசம்தானே சார். எங்கயாவது போய்ப் படுத்துக் கிடக்கறேன்" என்றார். அவர் குரலை அவ்வளவு தாழ்வாக நான் கேட்டதே இல்லை. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

ஊசி போட வேண்டிய அன்று காலையிலேயே முகாமின் கார் வந்து கேட்டை அடைத்துக்கொண்டு நின்றது. பின்சீட்டில் மேடம், மடியில் பை. அதே நேரம் குப்பை வண்டியும் வந்தது. உள்ளே வர வழியில்லை. ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டுப் பின்னால் நகரத் தொடங்கியது.

நான் கார் ஜன்னலில் குனிந்தேன். "இந்த வண்டி போனா எங்களுக்கு ஒரு நாள் நாறும் மேடம். நீங்க போனா, உள்ள நிறுத்தி வச்ச வண்டி மறுபடி ஓடும். அந்த செல் வாசல்ல பாட்டுப் போட்டுக்கிட்டு வந்து நிக்கும். பரவாயில்லையா?"

மடியிலிருந்த பையை மேடம் சீட்டில் தள்ளினார். பிறகு கதவு திறந்தது.

"ஆல்பர்ட்! காரை நகர்த்தச் சொல்லுடா. வெளி வண்டி உள்ள வரட்டும். உள் வண்டி நிக்கட்டும்."

"அக்கா, டென்ஷன் ஆகாதக்கா..."

"வாயை மூடு! எனக்கில்லடா ஸ்ட்ரெஸ், அந்த செல்லுக்கு!"

கேட்டைப் பிடித்து நின்றபடி குச்சி கேட்டார். பதவி போனபின் கிளறப்படாத வாளிகளைக் கிளறினார். தெருவே வாங்கிக் கட்டிக்கொண்டது. கடைசியில் என் முறை. "மறுபடியும் பால் கவர்! உங்களை வச்சு கவர்மென்ட்டை எப்படி சார் நடத்தினாங்க? காரை எடுங்க, ஆஸ்பத்திரிக்கு நேரமாச்சு."

ஊசிகள் முடிந்தன. நோய் அடங்கியது. மரத்த கால்களுக்கு எங்கள் மாடிப்படி ஒத்துவரவில்லை என்று ஆல்பர்ட் அவரை ஊருக்கு வெளியே ஹெப்பகோடியில் இருக்கும் தன் தரைத்தள வீட்டுக்கு அழைத்துப் போய்விட்டான். போன வாரம் அவனிடமிருந்து போன்.

"சார், அக்கா தெரு பூரா வாளியைக் கிளறுது. என்னால ஸ்ட்ரெஸ் தாங்க முடியல."

"மருந்து வேலை செய்யுதுன்னு அர்த்தம்" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

இங்கே இப்போது யாரும் வாளியைப் பார்ப்பதில்லை. சில நாள் காலையில் பால் கவரைக் கழுவாமலே போட்டுவிட்டு, படிக்கட்டின் கீழே கொஞ்ச நேரம் நின்று பார்க்கிறேன்.