வீடு தேடி வந்த வருகைப் பதிவேடு

உலகத்தில் எத்தனையோ கல்லூரிகள் இருக்கின்றன. எல்லாவற்றின் வாசலிலும் தங்க எழுத்தில் ஒரு குறிக்கோள் பலகை தொங்குகிறது. அதை நின்று, முழுசாகப் படித்து, படித்ததை நம்பவும் செய்த ஒரே மனிதர் எங்கள் முசியேதான். இதை எந்த மேடையிலும் ஏறிச் சொல்வேன். யாரும் மேடை தரவில்லை, அவ்வளவுதான்.

பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர்களுக்கு ஓராண்டில் ஒரு தொழிலைக் கற்றுக்கொடுத்து அனுப்பும் சமுதாயக் கல்லூரி எங்களுடையது. புதுச்சேரி டவுனில், பிரெஞ்சுக்காரன் காலத்துக் கட்டடம் ஒன்றில் நடக்கிறது. ஏசி மெக்கானிக், செவிலியர் உதவியாளர், தையல் என்று மூன்று பிரிவுகள். நான் அங்கே 'வாழ்க்கைத் திறன்' சொல்லித் தருபவன். என் மனைவி இதைக் கேள்விப்பட்ட அன்று சிரிக்க ஆரம்பித்தவள், இன்னும் நிறுத்தவில்லை.

முசியே அலுவலக உதவியாளர். அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர் என்பதால் மாணவர்கள் வைத்த பேர் அது, பிரெஞ்சில் 'ஐயா' என்று அர்த்தம். ஆறடி உயரம், முழுக்கைச் சட்டை, எந்த வெயிலிலும் மேல் பொத்தான்வரை போட்டிருப்பார். சேர்க்கை முடிந்துவிட்டது என்று முதல்வர் அறிவிப்பு ஒட்டினால், அதன் மேலேயே சாய்ந்து நின்றுகொண்டு வருகிறவர்களுக்கெல்லாம் விண்ணப்பம் கொடுப்பார். பையனுக்குப் படிவம் வாங்க வந்த தகப்பனையும் சும்மா விடமாட்டார். அப்படி மாட்டிக்கொண்ட ஒருவர் மகனோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து தையல் படித்தார். மகன் தேறவில்லை.

அவருடைய தலையாய வேலை காலையில் வருகை எடுப்பது. அதை அவர் 'அப்பெல்' என்பார். பேரைக் கூப்பிட்டால் 'ப்ரெஸான்' என்று பதில் வரவேண்டும். 'உள்ளேன் ஐயா' என்றால் காதில் விழாது. இதுவரை சரி, ஊருக்கு ஒரு பைத்தியம் உண்டு. ஆனால் பதில் வராத பேர்களை அந்த மனுஷர் விடமாட்டார். மத்தியானம் பதிவேட்டை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு மொபெட்டில் ஏறி, வராதவர் வீட்டுக்கே போய்விடுவார். வாசலில் நின்று கூப்பிடுவார். 'ப்ரெஸான்' என்று வந்ததும், ஆசிரியரிடம் எழுதி வாங்கிய அன்றைய பாடக் குறிப்பை அங்கேயே உரக்க வாசிப்பார். அவருக்கு ஒரு வரியும் புரியாது. வாசித்து முடித்துத்தான் பதிவேட்டில் குறிப்பார்.

வீட்டில் இல்லை என்றால் தப்பிக்கலாம் என்று நினைத்தவர்கள் உண்டு. ஏசி பிரிவில் சதீஷ் என்ற பையன் அப்படித்தான் நோணாங்குப்பம் படகுத் துறைக்கு வேலைக்குப் போய்விட்டான். முசியே டிக்கெட் எடுத்து, சுற்றுலாக்காரர்களோடு லைஃப் ஜாக்கெட் மாட்டிக்கொண்டு, அவன் இருந்த படகிலேயே ஏறி உட்கார்ந்தார். மணல் கரை போய்ச் சேரும்வரை ஏசி பாடம் நடந்தது. இறங்கும்போது இரண்டு பெங்களூர்க்காரர்கள் சந்தேகம் கேட்டார்களாம்.

தையல் பிரிவுப் பெண் ஒருத்தியின் நிச்சயதார்த்தத்திலும் இப்படித்தான். தட்டு மாற்றும் நேரத்தில் வாசலிலிருந்து அவள் பேர் ஒலித்தது. பெண் தலையைக் குனிந்தபடி 'ப்ரெஸான்' என்றாள். பெண் வீட்டு வழக்கம்போலிருக்கிறது என்று நினைத்த மாப்பிள்ளையின் மாமா, "நம்ம பையனையும் கூப்டுங்க" என்று கேட்டுக்கொண்டார். மாப்பிள்ளையும் எழுந்து நின்று சொன்னார். முசியே அவருக்கும் ஒரு விண்ணப்பம் கொடுத்துவிட்டு வந்தார்.

இப்படி இருக்கும்போது, எங்கள் அங்கீகாரத்தைப் புதுப்பிக்கலாமா வேண்டாமா என்று பார்க்க மூன்று பேர் கொண்ட குழு வருவதாகக் கடிதம் வந்தது. முதல்வருக்கு உடனே வரலாறு தேவைப்பட்டது. எழுதும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. உள்ளதை எழுதினால் எங்கள் வரலாறு ஒரு வரி: கட்டடம் காலியாக இருந்தது, சுற்றிலும் பிள்ளைகள் படிக்காமல் இருந்தார்கள், கல்லூரி தொடங்கிற்று. முதல்வர் அதைப் படித்துவிட்டு, வரலாறு கனமாக இருக்கவேண்டும் என்றார். பதினான்கு பக்கம் எழுதிக் கொடுத்தேன். பதின்மூன்றில் குத்துவிளக்கு ஏற்றியவர்களின் பேர்கள்தான்.

குழுவின் தலைவர் ஓய்வுபெற்ற பேராசிரியை. வரலாற்றை ஓரமாக வைத்தார். குறிக்கோளைக் கிளிப்பிள்ளைபோல் ஒப்பிக்க நான் தயார்செய்து நிறுத்தியிருந்த நான்கு மாணவர்களையும் உட்காரச் சொன்னார். நேராக வருகைப் பதிவேட்டைக் கேட்டார். புரட்டினார். ஒரு பக்கத்தில்கூட ஒரு விடுபடல் இல்லை. பள்ளிக்கூடமே வேண்டாம் என்று ஓடிப்போனவர்கள் படிக்கும் கல்லூரியில் வருஷம் முழுக்க நூற்றுக்கு நூறு. பக்கத்திலிருந்த உறுப்பினர், பொய்க்கும் ஒரு அளவு வேண்டாமா என்றார்.

அந்த அம்மாளின் விரல் ஒரு பேரின்மேல் நின்றது. கலைவாணி. சேதராப்பட்டுத் தொழிற்சாலையில் பொருள்களுக்கு அட்டைப்பெட்டி மடிக்கும் வேலையை விட்டுவிட்டு, மாமியாரிடம் ஏச்சும் பேச்சும் வாங்கிக்கொண்டு, செவிலியர் உதவியாளர் படிக்க வந்தவள். அந்த வருஷம்தான் பிரசவம். பரீட்சை விண்ணப்பத்தில் குழந்தை பிறந்த தேதி எழுதியிருக்கிறது, பிரசவமான மறுவாரமே வகுப்புக்கு வந்ததாகப் பதிவேடு சொல்கிறது, எப்படி என்று கேட்டார். முதல்வர் கைக்குட்டையைத் தேடினார்.

விஷயம் சாதாரணமானதல்ல. பிரசவத்துக்குப் பிறகு அவள் வீட்டில் இருந்த மூன்று வாரத்தை அடித்துவிட்டால் கலைவாணிக்கு வருகை போதாது. பரீட்சை எழுத முடியாது. ஒரு ஆஸ்பத்திரி அவளுக்காக ஓர் இடத்தை வைத்துக்கொண்டு, சான்றிதழ் எப்போது வரும் என்று கேட்டபடி இருந்தது. இன்னொரு வருஷம் காத்திருக்க அவர்களும் மாட்டார்கள், மாமியாரும் விடமாட்டார். 

முசியேயைக் கூப்பிட்டார்கள். அவர் ஒளிவுமறைவில்லாமல், அவள் வரவில்லை, நான்தான் போனேன் என்றார். கல்லூரிக்கு வெளியே வருகை எடுக்க யார் அதிகாரம் கொடுத்தது என்று அந்த அம்மாள் கேட்டார். முசியே அவரை வாசலுக்கு அழைத்துப்போய்ப் பலகையைக் காட்டினார். 'விளிம்புநிலை மக்களின் வீட்டு வாசல்வரை கல்வியைக் கொண்டு செல்வதே எமது குறிக்கோள்' என்று தங்க எழுத்தில் மின்னியது.

"வாசல் வரைக்கும்னு போட்டிருக்குதும்மா. அதனால வாசலோட நின்னுக்கினேன். ஒரு வூட்லயும் உள்ள போவல."

முதல்வர் அன்றுதான் பலகையை முதன்முதலாகப் பார்ப்பவர்போல் பார்த்தார். நானும்தான்.

பலகை சரி, நீங்கள் போனதற்கு என்ன அத்தாட்சி என்றார் அந்த உறுப்பினர். கலைவாணியை வரவழைத்தார்கள். கைக்குழந்தையை யாரோ வாங்கிக்கொள்ள, அவள் வந்து நின்றாள். குழந்தை பிறந்த பத்தாம் நாள் என்ன பாடம் நடந்தது என்று தலைவர் அம்மாள் கேட்டார். நாடி பார்ப்பது என்று ஆசிரியரின் குறிப்பேடு அவர் முன்னாலேயே திறந்திருந்தது.

"அன்னிக்கி காஸ் லீக்கு மேடம். பைப்பு ஜாயிண்டுல சோப்புத் தண்ணி தடவணும். முட்டை முட்டையா வந்தா லீக்கு."

"நீ எந்தப் பிரிவும்மா?"

"நர்சிங்கு மேடம்."

நான் கண்ணை மூடிக்கொண்டேன். மூன்று வாரப் பாடத்தையும் அவள் கடகடவென்று சொன்னாள். கம்ப்ரஸர், கண்டென்சர், ஃபில்டர் கழுவும் விதம். ஒரு சொல் பிசகவில்லை. பின்வரிசையில் ஏசி ஆசிரியர் பெருமையில் எழுந்தே நின்றுவிட்டார்.

நடந்தது இதுதான். அதே சமயத்தில் மேட்டுப்பாளையத்தில் ஏசி பிரிவு சுரேஷ் மஞ்சள் காமாலையில் படுத்திருந்தான். இரண்டு வீட்டுப் பாடக் குறிப்புக்கும் இரண்டு மஞ்சள் பை, இரண்டும் ஒரே ஜவுளிக்கடை. முதல் நாள் மாறிய பை கடைசிவரை மாறியே போயிருக்கிறது. காமாலைக்காரன் மூன்று வாரம் படுத்தபடி, பச்சைக் குழந்தையைக் குளிப்பாட்டுவது எப்படி என்று கேட்டிருக்கிறான்.

சம்பந்தமில்லாத பாடம் என்று உனக்குத் தெரியவில்லையா என்று தலைவர் அம்மாள் கேட்டார்.

"ஆஸ்பத்திரில ஏசி இருக்குமில்ல மேடம், அதயும் நாமதான் பாக்கணும்போலன்னு நெனச்சிக்கினேன்" என்றவள், குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்: "அதுவுமில்லாம, பச்ச ஒடம்புக்காரி வூட்டு வாசல்ல வெயில்ல நின்னு ஒருத்தரு படிக்கிறாரு. அவர்கிட்ட போயி தப்புன்னு எப்படி சொல்றது?"

 அந்த அம்மாள் உறுப்பினர் பக்கம் திரும்பி, பொய்ப் பதிவேடு எழுதுகிறவர்கள் சரியான பாடத்தை அல்லவா சொல்லிக்கொடுத்துக் கூட்டிவருவார்கள் என்றார். அலுவலர்களின் வருகைப் பதிவேட்டையும் வாங்கி அந்த மூன்று வாரத்தைப் பார்த்தார். விட்டுப்போன செவிலியர் பாடத்தை ஒரு வாரம் உட்காரவைத்து நடத்தும்படி சொல்லிவிட்டு, வருகை செல்லும் என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

கலைவாணி தேறினாள். அந்த ஆஸ்பத்திரியிலேயே இன்று வேலை பார்க்கிறாள். கல்லூரிக்கு அங்கீகாரம் கிடைத்தது, கூடவே ஒரு நிபந்தனையும். இனி வருகை கல்லூரிக்குள் மட்டும்தான். சுவரில் விரல் வைக்கும் இயந்திரம் மாட்டியாயிற்று. அது யார் வரவில்லை என்று துல்லியமாகச் சொல்லும், சொல்லிவிட்டுச் சும்மா இருக்கும். முதல்வருக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது.

அந்த அம்மாள் அலுவலர் பதிவேட்டில் என்ன பார்த்தார் என்று பின்னொரு நாள் எடுத்துப் புரட்டினேன். முசியே மொபெட்டில் கிளம்பிய ஒவ்வொரு மத்தியானத்துக்கும் நேராக அவர் கையாலேயே 'அரை நாள் விடுப்பு' என்று எழுதியிருந்தது. கல்லூரியை விட்டு வெளியே போனால் விடுப்பு என்பது விதியாம். ஒரு மாணவருக்கும் வருகை குறையாத அந்த ஆண்டில், எங்கள் கல்லூரிக்கு அதிகம் வராதவர் என்று பதிவேடு சொல்லும் ஒரே ஆள் அவர்தான். அவரை வருஷக்கணக்காகக் கேலி செய்தே பொழுது போக்கியவன் நான். அந்த மனுஷர்மேல் எனக்குக் கொள்ளைப் பிரியம். நேரில் சொன்னால் எனக்கும் ஒரு விண்ணப்பம் கொடுத்துவிடுவார் என்பதால் இங்கே எழுதுகிறேன்.