பத்து ரூபாய்ச் சிரிப்பும் முதியோர் பென்ஷனும்

மடவார் வளாகம்,
ஸ்ரீவில்லிபுத்தூர்.
14-3-1988

மதிப்புக்கும் மரியாதைக்கும் உரிய ஆசிரியர் ஐயா அவர்கள் சமுகத்துக்கு,

வைத்தியநாத சுவாமி புண்ணியத்தில் நானும் என் வீட்டாளும் இங்கே உயிரோடு இருக்கிறோம். இதை நான் சம்பிரதாயத்துக்காக எழுதவில்லை என்பது போகப் போகத் தங்களுக்கே விளங்கும். தாங்களும் தங்கள் ஆபீஸில் உள்ள அனைவரும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டுகிறேன். அனைவரும் என்றால், என் பெயரைத் தெருவோடும் ஊரோடும் சேர்த்து அச்சில் போட்ட அந்த ஒருவரைத் தவிர.

நான் தங்கள் சிரிப்புப் பக்கத்தில் அவ்வப்போது எழுதும் மு. சங்கரலிங்கம். ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் பதிலி ஆளாகச் சேர்ந்து, முடி நரைக்கும் வரை பதிலி ஆளாகவே இருந்து வெளியே வந்தவன். பிள்ளை குட்டி இல்லை. சர்க்கார் மாதாமாதம் மணியார்டரில் அனுப்பும் முதியோர் பென்ஷனில்தான் எங்கள் வீட்டில் உலை கொதிக்கிறது. அதற்கு மனுக் கொடுத்தபோது, வேறு வருமானம் எதுவும் இல்லை என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அன்றைக்கு அது சத்தியமான வார்த்தை. பிறகு எங்கள் தெருப் பலசரக்குக் கடை வைகுண்டராஜ், பொட்டலம் மடிக்க வாங்கிய பழைய பத்திரிகைகளைக் கிழிப்பதற்கு முன்னால் எனக்கு வாசிக்கக் கொடுத்தார். உப்புக்கல்லைக்கூட ஓசியில் தராத மனுஷன் இதை மட்டும் ஏன் தருகிறார் என்று அப்போதே யோசித்திருக்க வேண்டும். யோசிக்காமல் வாசித்தேன், வாசித்ததோடு நிற்காமல் ஒரு கார்டில் சிரிப்பு எழுதிப் போட்டேன், தாங்களும் அதைப் பிரசுரித்துப் பத்து ரூபாய் அனுப்பிவிட்டீர்கள். பென்ஷன் கொண்டுவரும் அதே போஸ்ட்மேன் பால்ச்சாமிதான் அதையும் கொண்டுவந்தார். வந்தவர் கொடுத்துவிட்டுப் போகக்கூடாதா? தெருமுனையிலேயே மணியை அடித்து, பத்திரிகை ஆபீஸில் இருந்து பணம் என்று நாலு வீட்டுக்குக் கேட்கிற மாதிரிச் சொன்னார். காப்பிக்கு எட்டணா கொடுத்துப் பார்த்தேன். அடுத்த தடவை இன்னும் உரக்கச் சொன்னார்.

அதுமுதல் எனக்கு நிம்மதி போயிற்று. சிரிப்பு எழுதுவது வேலையா, வேலை என்றால் அதற்கு வருவது கூலியா, கூலி என்றால் அது வருமானமா, வருமானம் என்றால் பென்ஷன் போய்விடுமா என்று படுத்தால் இதே நினைப்பு. இந்த லட்சணத்தில்தான் பொங்கலை ஒட்டி வந்த இதழில் என்னுடைய இந்தச் சிரிப்பு வெளியானது. தங்களுக்கு நினைவிருக்கலாம்:

கிழவர்: நான் செத்துப்போனால் நீ என்ன செய்வாய்?
கிழவி: பென்ஷன் ஆபீஸில் சொல்வதா, வேண்டாமா என்று யோசிப்பேன்.

இது வெளியான ஏழாவது எட்டாவது நாள் தலையாரி சின்னக்கருப்பன் என் வீட்டு வாசலில் நின்று, நான் இருக்கிறேனா என்று கேட்டான். பத்து ரூபாய் சமாச்சாரம் தாலுகா ஆபீஸுக்குப் போய்விட்டது என்று எனக்குப் பொறி தட்டியது. போட்டுக்கொடுத்தது பால்ச்சாமியா, வைகுண்டராஜா என்பதுதான் விளங்கவில்லை. பின்வாசல் வழியாகப் பக்கத்து வீட்டு மாட்டுத் தொழுவத்துக்குள் போய் நின்றேன். மாடு என்னைச் சும்மா விடவில்லை, அது வேறு கதை. இரண்டாம் தடவை அவன் தலை தெரிந்ததும் மலையடிவாரத்துச் செண்பகத்தோப்புக்கு நடையைக் கட்டினேன். அங்கே வனத்துறைக் காவலர், தனியாக மரத்தடியில் உட்கார்ந்திருப்பவன் மரம் வெட்ட வந்தவனாகத்தான் இருக்க வேண்டும் என்று என்னைப் பிடித்து உட்கார வைத்துவிட்டார். என் கை அரிவாளைத் தூக்குகிற கை இல்லை என்று அவரை நம்பவைப்பதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. இனி உள்ளூர் ஆகாது என்று தேவதானத்தில் சகலை வீட்டுக்குப் போனேன். விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பதைச் சகலை வாய்விட்டே சொல்லிக் காட்டும் வரை இருந்தேன்.

நான் இல்லாத அந்த நாட்களில் என் வீட்டாள் சீனியம்மாள், மனுஷன் இல்லாதபோதுதான் வீட்டைச் சுத்தம் செய்ய முடியும் என்று என் வேட்டி சட்டைகளை எல்லாம் மொத்தமாகத் துவைத்துக் கொடியில் போட்டிருக்கிறாள். மூட்டைப்பூச்சி போக என் கயிற்றுக் கட்டிலை வாசலில் நிமிர்த்திச் சாத்தியிருக்கிறாள். உள்ளே மிளகாய் வற்றல் வறுத்த நெடியில் கண்ணும் மூக்கும் ஒழுக வெளியே வந்தால், எதிரே தலையாரி நிற்கிறான். சாவு வீட்டில் போல நிமிர்ந்து நிற்கும் கட்டிலைப் பார்த்தான், என் துணி அத்தனையும் ஒரே நாளில் துவைக்கப்பட்டதைப் பார்த்தான், அவள் முகத்தையும் பார்த்தான். துக்க வீட்டில் கேள்வி கேட்கக்கூடாது என்று மரியாதையாகத் துண்டைத் தோளில் இருந்து எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போய்விட்டான். நல்ல பையன்தான், அவனைக் குறை சொல்ல மாட்டேன்.

நான் ஊர் திரும்பினேன். தங்கள் பத்து ரூபாய் வந்தது, கையெழுத்துப் போட்டு வாங்கினேன். பென்ஷன் வரவில்லை. பால்ச்சாமிதான் அமுக்கிவிட்டார் என்று ஒரு வாரம் அவர் சைக்கிளுக்குப் பின்னாலேயே அலைந்தேன். அடுத்த மாதமும் வரவில்லை. அரிசிப் பானையில் கை விட்டால் அடி தட்டியது. வேறு வழியில்லாமல் சீனியம்மாளையும் கூட்டிக்கொண்டு தாலுகா ஆபீஸுக்குப் போனேன்.

அங்கே இருந்த கிளார்க் பேரேட்டைப் புரட்டி, "சங்கரலிங்கம் செத்துட்டாருய்யா" என்றார். நான்தான் அது என்றேன். நீர்தான் அவர் என்பதற்கு என்ன அத்தாட்சி என்று கேட்டார். அவர் மேஜை மேல் தங்கள் பத்திரிகை கிடந்தது, என் சிரிப்பு வந்த பக்கத்தில் சிவப்புக் கோடு. பென்ஷன்காரர் செத்தும் பணம் போகிறதோ என்று துணை தாசில்தாருக்குச் சந்தேகம் வந்து, ஆள் இருக்கிறாரா என்று பார்க்கத்தான் தலையாரியை அனுப்பினாராம். பத்து ரூபாயைப் பற்றி ஒருத்தருக்கும் ஒன்றும் தெரியாது. ஐயா, என்னைப் போட்டுக்கொடுத்தது நானேதான். கிளார்க் செத்துட்டார் என்று சொன்னதில் இருந்து சீனியம்மாள் பின்னால் நின்று என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள், வெளியே வரும்வரை விடவில்லை. நான் மறுபடி ஓடிவிடுவேன் என்ற சந்தேகம் போலும். இழுத்த இழுப்பில் பொத்தான் ஒன்று தெறித்துவிட்டது.

அந்த நேரம் பார்த்துத் தபால் கொடுக்க வந்த பால்ச்சாமி, துணை தாசில்தார் முன்னால் எனக்குச் சாட்சி சொன்னார். இவர் உயிரோடுதான் இருக்கிறார், செத்ததாக நீங்கள் எழுதிய பிறகு பத்திரிகைப் பணம் பத்து ரூபாய் என்னிடம் கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்கிறார் என்று. உயிருக்கு அதுதான் ஒரே அத்தாட்சி, பென்ஷனுக்கு அதுதான் எமன். இனி மறைக்க என்ன இருக்கிறது? ஆமாம் ஐயா, சிரிப்பு எழுதிச் சம்பாதிக்கிறேன், வந்தால் மாதம் பத்து, வராவிட்டால் அதுவும் இல்லை என்று ஒப்புக்கொண்டேன். ஒரு சிரிப்புச் சொல்லும் என்றார் துணை தாசில்தார். சொன்னேன். அறையில் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. பிறகு அவர் சீனியம்மாளிடம், புருஷன் இருப்பதை நீயாவது வந்து சொல்லக்கூடாதா என்று கேட்டார்.

"நல்லா யோசிங்கய்யா. இவிய செத்திருந்தா, விதவைப் பென்ஷன் மனுவோட நான் மறுநாளே இங்க வந்து நின்னுருக்க மாட்டேனா?" என்றாள் அவள்.

ஆபீஸே சிரித்தது. கிளார்க்குக்குப் புரை ஏறிவிட்டது. பத்திரிகையில் வந்ததெல்லாம் நீ சொன்னதுதானா என்று துணை தாசில்தார் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்க, "நான் போடுததெல்லாம் சண்டைங்கய்யா. இவிய அதை எழுதி அனுப்பிட்டு சிரிப்புங்காக" என்றாள். உடனே அவர், இவர் தொழில் எதுவும் செய்யவில்லை, வீட்டுச் சண்டையை நகல் எடுத்து அனுப்புகிறார், நகலுக்கு வருவது வருமானம் ஆகாது என்று சொல்லி, பென்ஷனை மறுபடி அனுப்ப உத்தரவு போட்டுவிட்டார்.

உலை கொதிக்கும், சரி. ஆனால் என் மானம் என்ன ஆவது? அதனால் ஆசிரியர் ஐயா அவர்கள் தயவுசெய்து, மேற்படி சிரிப்புகள் அனைத்தும் சங்கரலிங்கத்தின் சொந்த உழைப்பு, வாசித்தவர்கள் சிரித்தார்கள் என்று சீல் வைத்து ஒரு சர்டிபிகேட் அனுப்பிவைக்க வேண்டியது. அதை அந்தத் துணை தாசில்தார் முகத்துக்கு நேரே நீட்ட வேண்டும்.

தங்கள் பத்திரிகை பொட்டலமாகும் முன் எல்லோராலும் வாசிக்கப்பட ஆண்டாளை வேண்டிக்கொள்ளும்,
இன்னும் உயிரோடு இருக்கும்
மு. சங்கரலிங்கம்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன் இதைச் சீனியம்மாளுக்கு வாசித்துக் காட்டினேன். சர்டிபிகேட் வந்தால் பென்ஷன் போய்விடும், கிறுக்கா உங்களுக்கு என்றாள். ஆகவே அது வேண்டாம். இனிமேல் சிரிப்புகளைச் சீனியம்மாள் என்ற பெயரிலேயே போடவும், பணமும் அவள் பெயருக்கே. விதவைப் பென்ஷன் சிரிப்பை முதலாவதாக வைத்துக்கொள்ளுங்கள். அவள் அப்போது அந்தச் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். அடுத்த இதழுக்கு ஏதாவது தேறுமா என்று, நான் செத்துப்போனால் என்ன செய்வாய் என்று பழையபடி கேட்டுப் பார்த்தேன். நிமிராமலே, "அன்னைக்கு ஆபீஸ்ல அந்தக் கிளார்க்கு, நீங்க செத்துட்டீகன்னு சொன்னாருல்லா. நான் என்ன செஞ்சேன்னு நீங்கதான் பாத்தீகளே" என்றாள். ஐயா, இதைச் சிரிப்புப் பக்கத்தில் போட வேண்டாம். இதற்குப் பணமும் அனுப்ப வேண்டாம்.