கியர் வைத்த கண்ணியம்

குடிநீர் வழங்கல் அலுவலகத்தில் எல்லோரும் அவரை வால்வு சார் என்றுதான் அழைத்தார்கள். எந்தத் தெருவுக்கு எப்போது தண்ணீர் திறப்பது, எப்போது மூடுவது என்று மேற்பார்வை செய்வது அவருடைய உத்தியோகம். பெற்றோர் வைத்த பெயரும் ஒன்று இருந்தது. சம்பளம் வாங்கும் நாளில் மட்டும் அது உபயோகப்பட்டது.

ஐம்பதைத் தாண்டிய அவர் ஸ்கூட்டரில் போய்வந்துகொண்டிருந்தார். வாலிபத்தில் அவரிடம் ஒரு மோட்டார் சைக்கிள் இருந்தது. கல்யாணமான புதிதில் மனைவியைப் பின்னால் உட்காரவைத்து, வளைவுகளில் அப்படியே சாய்ந்து ஓட்டுவார். அவள் அலறுவாள். அதை அவர் பாராட்டு என்று எடுத்துக்கொள்வார். பிற்பாடு அவள் வீடுகளுக்கு ஜன்னல் திரை தைத்துக் கொடுக்கும் தொழிலை ஆரம்பித்தாள். துணிச் சுருள்களுக்கு மோட்டார் சைக்கிளில் இடமில்லை. அவருடைய முதுகும் அடிக்கடி பிடித்துக்கொண்டது. வண்டி விற்கப்பட்டு ஸ்கூட்டர் வீட்டுக்கு வந்தது.

அதன்பிறகு வாழ்க்கை சௌகரியமாகவே போயிற்று. பகலில் கால் வைக்கும் பலகையில் வால்வு திருகும் நீளமான இரும்புச் சாவியைச் சாய்த்து வைத்துக்கொண்டு அவர் போவார். சாயங்காலம் அதே இடத்தில் துணிச் சுருளை நிறுத்திக்கொண்டு அவள் போவாள். ஊருக்குத் தண்ணீரும் ஜன்னல்களுக்குத் திரையும் ஒரே வண்டியில் நடந்தேறின.

இந்த நிலைமையில்தான் அலுவலகத்துக்குப் புதிய இயக்குநர் வந்து சேர்ந்தார். வந்த விதமே வேறாக இருந்தது. பெரிய கறுப்பு மோட்டார் சைக்கிள், தோல் சட்டை, முழங்கால் வரை பூட்ஸ், விரல் நுனி தெரிகிற கையுறை. வண்டி வளாகத்துக்குள் நுழைந்த சத்தத்தில் ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன. மேஜையில் தலை சாய்த்திருந்த கணக்கர் விழித்துக்கொண்டு, என்ன செய்கிறோம் என்று தெரியாமல் வேலை செய்யத் தொடங்கிவிட்டார். நிர்வாகத்தில் ஒரு புத்துணர்ச்சி ஏற்பட்டிருப்பதாக அன்றே பேசிக்கொண்டார்கள்.

முதல் கூட்டத்தில் இயக்குநர் தண்ணீரைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. மோட்டார் சைக்கிளைப் பற்றி உரையாற்றினார். கியர் மாற்றுகிறவன் ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு முடிவெடுக்கிறான். ஸ்கூட்டர்க்காரன் கையை முறுக்குகிறான், வண்டி போகிறது. ஒரு முடிவும் எடுக்காமலேயே வீடு போய்ச் சேர்ந்துவிடுகிறான். அப்படிப்பட்டவனை நம்பி ஒரு நிர்வாகத்தை எப்படி ஒப்படைப்பது? கேட்டுக்கொண்டிருந்தவர்களில் யாரும் அதுவரை எந்த முடிவும் எடுத்ததில்லை. ஆகவே மறுத்துப் பேச யாருக்கும் அனுபவம் போதவில்லை.

மறுவாரமே 'பணியாளர்தம் ஊர்திசார் கண்ணியத்தைப் பேணுதல் குறித்து' ஒரு சுற்றறிக்கை வந்தது. கூரை போட்ட கொட்டகை இனி கியருள்ள ஊர்திகளுக்கு மட்டும். கியரற்ற ஊர்திகள் மரத்தடியில் நிற்க வேண்டும். அந்த மரத்தில் ஊரிலுள்ள காக்கைகளில் பெரும்பாலானவை குடியிருந்தன. சாயங்காலம் வால்வு சார் இருக்கையைத் துடைத்துவிட்டு வீட்டுக்குக் கிளம்புவதற்குள் இருட்டத் தொடங்கிவிடும். நாளாக நாளாக மரத்தடியில் கூட்டம் குறைந்து, கொட்டகையில் கூட்டம் நிறைந்தது. கணக்கர் மோட்டார் சைக்கிள் வாங்கினார். தட்டச்சர் வாங்கினார். சைக்கிளைத் தவிர வேறெதிலும் ஏறியிராத காவலாளிகூட ஒன்றை வாங்கி அதன் மேல் சாய்ந்துகொண்டு நின்றார். கடைசியில் காக்கைகளும் வால்வு சாரும் மட்டும் மிஞ்சினார்கள்.

அப்போது முதுநிலை மேற்பார்வையாளர் பதவி ஒன்று காலியாயிற்று. வரிசைப்படி வால்வு சாருக்குத்தான் அது வர வேண்டும். இயக்குநர் அவரை அறைக்குக் கூப்பிட்டு அன்பாகப் பேசினார்.

"உங்க வேலையில ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனா உங்க வண்டியில கியர் இல்லையே."

"சார், வால்வுச் சாவி வைக்க அதுலதான் இடம் இருக்கு."

"சாவி தூக்கறதெல்லாம் கீழ்மட்டச் சிந்தனை. மேல போறவர் எதையும் தூக்கக் கூடாது. யோசிச்சுப் பாருங்க."

வால்வு சார் வீடு வரும்வரை யோசித்தார். ஓய்வு பெறுவதற்குள் ஒரு தடவையாவது கதவில் பெயர்ப்பலகை உள்ள அறையில் உட்கார வேண்டும் என்று அவருக்கு ரொம்ப நாளாக ஆசை. வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்று சொல்லாமல் வைத்திருந்த ஆசை. மனைவியிடம் விஷயத்தை மெல்ல அவிழ்த்தார். இயக்குநர் தண்ணீர் விட வந்தாரா, பந்தயம் விட வந்தாரா என்று அவள் கேட்டாள். இவர் முடிவெடுக்கும் திறனைப் பற்றி விளக்கினார். அவள் ஒரு திரைக்கு ஓரம் அடித்து முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டுவிட்டுத் தன் முடிவைச் சொன்னாள்.

"ஸ்கூட்டர் இந்த வீட்டை விட்டு எங்கயும் போகாது. வேணும்னா நீங்க போங்க."

ஆக, ஸ்கூட்டரை விற்காமலேயே மோட்டார் சைக்கிள் வாங்குவது என்று தீர்மானமாயிற்று. அவருடைய மைத்துனர் பழைய வண்டிகள் வாங்கி விற்பவர். ஒரு வண்டியைக் காட்டி, இதை ஒரு டாக்டர் கோயிலுக்குப் போக மட்டும் வைத்திருந்தார் என்றார். அந்த டாக்டர் நாத்திகர் என்பது ஊருக்கே தெரியும். வால்வு சாருக்கும் தெரியும். இருந்தும் வாங்கினார். அந்த வண்டியைப் பார்த்ததும் பழைய நாட்களின் ஞாபகம் வந்து, கேட்க நினைத்த கேள்வியெல்லாம் மறந்துபோயிற்று.

முதல் நாள் காலையில் அவர் காலைத் தூக்கி வண்டியின் மேல் போட்டார். கால் பாதி வழியில் தயங்கி நின்றது. இரண்டாவது முயற்சியில் பேன்ட் பின்னால் கிழிந்தது. மனைவி சிரிக்காமல், கையில் கிடைத்த திரைத் துணியில் ஒட்டுப் போட்டுக் கொடுத்தாள். துணி பூப்போட்டதாக இருந்தது. சட்டையை வெளியே எடுத்துவிட்டுக்கொண்டு, வீட்டு வாசல்படியில் ஏறி நின்று, அங்கிருந்து வண்டியின் மேல் இறங்கினார். எதிர்வீட்டுக்காரர் பல் துலக்குவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

ஆனால் கடைத்தெருவைத் தாண்டிப் பூங்கா வளைவில் திரும்பும்போது வண்டி தானாகவே சாய்ந்தது. அவரும் சாய்ந்தார். காற்று முகத்தில் அடித்தது. பின்னால் யாரும் அலறவில்லை என்பதைத் தவிர எல்லாமே அப்போதுபோல இருந்தது. அந்த ஒரு வளைவுக்காகவே வாங்கலாம் என்று அவருக்குத் தோன்றியது. அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்ததும் முதுகு பிடித்துக்கொண்டது. இறங்க முடியவில்லை. கணக்கரும் காவலாளியும் இரண்டு பக்கமும் பிடித்துத் தூக்கி இறக்கினார்கள். தூரத்து ஜன்னலிலிருந்து பார்த்த இயக்குநருக்கு அது ஒரு வரவேற்பு நிகழ்ச்சியாகத் தெரிந்திருக்கிறது. அங்கிருந்தே கை தட்டினார்.

சாயங்காலம் வண்டி கிளம்ப மறுத்தது. வால்வு சார் உதைத்து உதைத்து வேர்த்துப் போனார். கணக்கர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு அருகில் வந்தார்.

"எதுக்கு உதைக்கறீங்க? இங்கயே விட்டுட்டுப் போங்க."

"வீட்டுக்கு எப்படிப் போறது?"

"நாங்கல்லாம் எப்படிப் போறோம்? பின்தெருவுல அச்சகம் இருக்கில்ல, அதுக்குப் பின்னால போய்ப் பாருங்க."

அச்சகத்துக்குப் பின்னால் அலுவலகத்தின் மொத்த ஸ்கூட்டர்களும் வரிசையாக நின்றன. காலையில் எல்லோரும் அங்கே நிறுத்திவிட்டு, ஹெல்மெட்டை மட்டும் கையில் பிடித்துக்கொண்டு முன்வாசல் வழியாக நடந்து வருவார்களாம். கொட்டகையில் நிற்கும் மோட்டார் சைக்கிள்களைக் காவலாளி தினமும் ஈரத்துணியால் துடைத்து வைப்பாராம். இயக்குநராவது நிஜமாக ஓட்டுகிறாரா என்று வால்வு சார் கேட்டார். அவருடைய மனைவி பல் டாக்டர். கிளினிக் போகிற வழியில் அவரைத் திருப்பத்தில் இறக்கிவிட்டுப் போகிறார், ஸ்கூட்டரில்தான், என்றார் கணக்கர். இது எல்லோருக்கும் தெரியும். எல்லோருக்கும் தெரியும் என்பது மட்டும் யாருக்கும் தெரியாது.

வால்வு சாருக்கு முதலில் சப்பென்றாகிவிட்டது. பிறகு முதுகை நினைத்துப் பார்த்தார். மறுநாளிலிருந்து அவருடைய ஸ்கூட்டரும் அச்சகத்துக்குப் பின்னால் நின்றது. தேவைப்படும்போது மனைவி வந்து எடுத்துக்கொண்டு போவாள். காலையில் ஹெல்மெட்டோடு கொட்டகையைக் கடக்கும்போது, துடைத்துப் பளபளவென்று நிற்கும் தன் மோட்டார் சைக்கிளை ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போவார். அப்போது கொஞ்சம் கம்பீரமாகத்தான் இருந்தது. அதை அவர் மறுக்கவில்லை.

இப்படியே போயிருந்தால் எல்லோரும் சுகமாக இருந்திருப்பார்கள். மேலிடத்திலிருந்து ஓர் உத்தரவு வந்து கெடுத்தது. தண்ணீர்ச் சிக்கனம் குறித்துப் பொதுமக்களிடையே விழிப்புணர்வு ஏற்படுத்த, பணியாளர் அனைவரும் மோட்டார் சைக்கிள் ஊர்வலம் நடத்த வேண்டும்.

அன்று காலை எல்லோரும் தோல் சட்டை மாட்டிக்கொண்டு கொட்டகைக்கு வந்து வண்டிகளில் ஏறி உதைத்தார்கள். கணக்கர் வண்டி இருமிவிட்டு அடங்கியது. தட்டச்சர் வண்டியின் சைலன்ஸரில் ஏதோ பறவை கூடு கட்டியிருந்தது. இயக்குநரின் கறுப்பு வண்டி பட்டனை அழுத்தியபோது விளக்கைக்கூடக் காட்டவில்லை. வாசலில் பத்திரிகைக்காரர்கள் காத்திருந்தார்கள். இயக்குநர் சற்று நேரம் வானத்தைப் பார்த்தார். பதவிக்கு வந்த நாளிலிருந்து அவர் எடுத்த முதல் முடிவு அதுதான் என்று பின்னால் சொன்னார்கள்.

"எரிபொருளும் சிக்கனம் செய்யணும் இல்லையா? வண்டியைத் தள்ளிக்கிட்டுப் போவோம்."

ஊர்வலம் புறப்பட்டது. பூட்ஸும் கையுறையுமாக அதிகாரிகள் வரிசையாக வண்டி தள்ளிக்கொண்டு வருவதை ஊர் வாய்பிளந்து பார்த்தது. யாரோ ஒருவர் கை தட்டினார். அப்புறம் எல்லோரும் தட்டினார்கள். காலையில் உதைத்ததில் பிடித்துக்கொண்ட வால்வு சாரின் முதுகு நிமிரவே இல்லை, குனிந்தபடியே தள்ளினார். பார்க்கிறவர்களுக்கு அது பணிவாகத் தெரிந்தது.

கடைத்தெருவில் குழாய் வெடித்துத் தண்ணீர் ஆளுயரத்துக்குப் பீய்ச்சிக்கொண்டிருந்தது. பழக்கடைக்காரர் முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு, மிதந்துபோகும் பழங்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். ஊர்வலத்தைப் பார்த்ததும், கேட்காமலேயே இத்தனை பேர் வந்துவிட்டார்களே என்று அவருக்குக் கண் கலங்கிவிட்டது. ஓடிவந்து இயக்குநரின் கையைப் பிடித்துக்கொண்டார். இயக்குநர் நிதானமாக விளக்கினார்.

"இன்னிக்கு விழிப்புணர்வு மட்டுந்தான். பழுதெல்லாம் நாளைக்கு."

அந்த நேரம் பார்த்து வால்வு சாரின் மனைவி ஸ்கூட்டரில் அந்தப் பக்கம் வந்தாள். ஒரு வீட்டுக்குத் திரை மாட்டிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தாள். பலகையில் அவருடைய இரும்புச் சாவி கிடந்தது. வால்வு சார் சாவியைப் பார்த்தார். பழக்கடைக்காரரைப் பார்த்தார். மோட்டார் சைக்கிளுக்கு ஸ்டாண்டு போட்டார். மனைவி பின்னால் நகர்ந்து இடம் கொடுத்தாள். தெருக்கோடிக்குப் போய் அவர் வால்வை மூடிவிட்டுத் தொப்பலாக நனைந்து திரும்பியபோது, ஊர்வலம் அவருடைய வண்டியை அங்கேயே விட்டுவிட்டு நகர்ந்திருந்தது.

மறுநாள் விளக்கம் கேட்டுக் குறிப்பாணை வந்தது. ஊர்வலத்தின் நடுவே, பொதுமக்கள் முன்னிலையில், கியரற்ற ஊர்தியில் ஏறி, மேலதிகாரியின் அனுமதியின்றித் தண்ணீரை நிறுத்தியது குற்றம். வால்வு சார் பதில் யோசித்துக்கொண்டிருந்தபோதே பத்திரிகை வந்து சேர்ந்தது. முதல் பக்கத்தில் படம். 'எரிபொருள் எரிக்காத எளிமை' என்று பெரிய தலைப்பு. படத்தில் எல்லோரையும்விடக் குனிந்து தள்ளிக்கொண்டிருந்தவர் அவர். குறிப்பாணை மாயமாயிற்று. தள்ளுவதில் காட்டிய முன்மாதிரியான அர்ப்பணிப்புக்காக அவருக்குப் பதவி உயர்வு கொடுத்தார்கள். மூடிய வால்வைப் பற்றி யாரும் பேசவில்லை. கதவில் அவருடைய பெற்றோர் வைத்த பெயர் ஏறியது. அதைப் பார்த்துவிட்டு, இந்த அறையில் யார் புதிதாக வந்திருப்பது என்று பலர் அவரிடமே கேட்டார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததை யாரும் எதிர்பார்க்கவில்லை. பத்திரிகையைப் பார்த்த வங்கிக்காரர்கள் வண்டி தள்ளினார்கள். கல்லூரிப் பேராசிரியர்கள் தள்ளினார்கள். இதயத்துக்கு நல்லது என்று ஒரு டாக்டர் சொன்னார். தள்ளுநடை என்று அதற்குப் பெயரும் வந்தது. விடிந்ததும் பூங்காவைச் சுற்றிக் கூட்டம் கூட்டமாக மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தார்கள். மைத்துனர் எஞ்சினைக் கழற்றிவிட்ட வண்டிகளைத் தனியாக விற்றார். பெண்களும் முதியவர்களும் தள்ள லேசாக இருக்கும் என்று அவற்றுக்கு விலை கூடுதல். வால்வு சார் இருந்த இடத்துக்கு வேறு ஆள் போடாததால் தண்ணீர் நினைத்த நேரத்துக்கு வந்தது. வந்தபோது வீட்டில் யாரும் இல்லை. எல்லோரும் தள்ளப் போயிருந்தார்கள்.

ஒருநாள் காலை வால்வு சார் மனைவியைப் பின்னால் உட்காரவைத்து, துணிச் சுருளோடு பூங்கா வழியாக ஸ்கூட்டரில் போனார். புத்தம்புது மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு எதிரே வந்தவர், அதே பழக்கடைக்காரர். இவர்களைப் பார்த்து நின்றார். அவர் முகத்தில் இரக்கம் இருந்தது.

"என்ன சார், பெரிய பதவிக்கு வந்தும் இன்னும் ஓட்டிக்கிட்டேவா திரியறீங்க?"

பின்னால் வந்தவர்களும் நின்று பார்த்தார்கள். வால்வு சார் கொஞ்ச தூரம் போனார். பிறகு எஞ்சினை நிறுத்தினார்.

"ஏங்க, பெட்ரோல் தீர்ந்துபோச்சா?" என்றாள் மனைவி.

"நிறைய இருக்கு."

அவள் முன்னால் பார்த்தாள், பின்னால் பார்த்தாள். சுற்றிலும் தள்ளிக்கொண்டு போகிறவர்களைப் பார்த்தாள். இப்போது ஏதாவது சொல்வாள் என்று அவர் காத்திருந்தார். அவள் இறங்கினாள். தலையைச் சரிசெய்துகொண்டாள். இருக்கையின் பின்பக்கம் ஒரு கையை வைத்தாள்.

"மெதுவாத் தள்ளுங்க," என்றாள். "நாலு பேர் பார்க்கட்டும்."